டீப் ஃப்ரீசரில் கணவர்

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்):

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 48. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி கேப் டவுன் வந்து 20 வருஷம் ஆகிறது. இவருக்கு 54. பிரஷருக்கு அட்டெனோலால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். மூன்று மாதமாக ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்துகொண்டு சனிக்கிழமை விடிகாலையில் கேம்ப்ஸ் பே பக்கம் டைடல் பூலில் (கடலலை வந்து நிரப்பும் கரையோரக் குளம்) போய் இறங்குகிறார். உடம்பில் உள்ள அழற்சியெல்லாம் அடங்குமாம், சர்க்கரை குறையுமாம், மாத்திரையையே விட்டுவிடலாமாம். போன வாரம் வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார், உதடு நீலமாகிவிட்டது. கேட்டால் 'கோடையில் பழகிக்கொண்டால்தான் குளிர்காலத்தில் சுலபம்' என்கிறார். இது போதாதென்று பழைய டீப் ஃப்ரீசர் ஒன்றைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கராஜில் இறக்கியிருக்கிறார். அதில் தண்ணீர் நிரப்பி தினமும் உட்காரப் போகிறாராம். ஊரில் மாமியார் 'ஜன்னி கண்டுவிடும், தடுத்து நிறுத்து' என்று போனில் அழுகிறார். இதில் உண்மையிலேயே நன்மை இருக்கிறதா, ஆபத்தா? இன்னொன்று, இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்: எனக்கும் ஒரு தடவை இறங்கிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. மாதவிலக்கு நிற்கிற வயது, நேரம் காலம் இல்லாமல் உடம்பு கொதிக்கிறது. இறங்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கராஜுக்குப் போய் அந்த ஃப்ரீசரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அது மீனும் இறைச்சியும் வைப்பதற்கான பெட்டி. உள்தகட்டின் இணைப்புகள் தண்ணீர் தேக்கி வைக்கச் செய்தவை அல்ல. நிரப்பினால் இன்றில்லாவிட்டால் நாளை கசியும். தகட்டுக்குப் பின்னால் ஓடுவது மின்கம்பி. நனைந்த உடம்போடு மின்சார இணைப்புள்ள இரும்புப் பெட்டிக்குள் இறங்குகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. 'வீட்டில் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் இருக்கிறதே, டக்கென்று விழுந்துவிடும்' என்பார். அதைச் சோதித்துப் பார்த்து எத்தனை வருஷமாகிறது என்று திருப்பிக் கேளுங்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்துபோகிற வீடு என்றால், மூடி போட்ட தண்ணீர்ப் பெட்டி கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு மாதிரி. உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் 'இப்படிச் செய்தால் செய்யலாம்' என்று ஒரு வழி சொல்ல முடியும். இதற்கு மட்டும் முடியாது. குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும் என்றால், நீங்கள் இருக்கும் ஊரில் கடலே அதை இலவசமாகத் தருகிறது.

அதுவும் தாராளமாகத் தருகிறது. 'கோடையில் பழகிக்கொண்டால்' என்று அவர் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேம்ப்ஸ் பே, கிளிஃப்டன் பக்கத்து அட்லாண்டிக் கடல் மிகக் குளிர்ந்து கிடப்பது கோடையில்தான். நம் ஊரில் மார்கழி தை என்றால் குளிர், இங்கே அது வெயில் உச்சி. ஆனால் அந்த மாதங்களில் அடிக்கும் தென்கிழக்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையைவிட்டு விலக்கித் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. வெளியே 30 டிகிரி வெயில் கொளுத்தும்போது தண்ணீர் 10, 12 டிகிரியில் நிற்கும். ஊர்க்காரர்கள் அந்தக் காற்றுக்கு 'கேப் டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நகரத்தின் அழுக்குக் காற்றை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். என் தொழிற்பெயரை அதற்குக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், மியூசன்பெர்க், செயின்ட் ஜேம்ஸ் கடலில், அதே நாளில் 20 டிகிரி இருக்கலாம். டர்பனில் கேட்கவே வேண்டாம். வடக்கிலிருந்து வரும் அகுல்லாஸ் வெந்நீரோட்டம் ஆடி மாதத்திலும் அந்தக் கடலை இதமாக வைத்திருக்கும். ஆக, உங்கள் வீட்டுக்காரர் 'சுலபமான பருவம்' என்று நினைத்து இறங்கியது இந்த நாட்டுக் கடற்கரையிலேயே கடினமான தண்ணீர்களில் ஒன்றில்.

சரி, 12 டிகிரித் தண்ணீர் உடம்பில் பட்டால் என்ன ஆகிறது?

தோல் முழுக்கக் குளிரை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ஒரு புரதம் புதினாவின் மெந்தாலுக்கும் பதில் சொல்லும். புதினா மிட்டாய் வாயில் ஜில்லென்பது அதனால்தான். (வெப்பத்தையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 2021-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.) கழுத்து மட்டும் ஒரே மூச்சில் இறங்கினால் இந்த முனைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கூச்சல் போடுகின்றன. உடனே 'ஹக்' என்று ஒரு பெருமூச்சு உள்ளே பாயும். நாம் இழுப்பதில்லை, அதுவாக இழுக்கப்படுகிறது. அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதிலாகக் கடல் உள்ளே போகும். அதைத் தொடர்ந்து நாய் இளைப்பது போல மூச்சு வாங்கும், நாடி எகிறும், கை கால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் பிரஷர் சட்டென்று ஏறும். இதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். முதல் அரை நிமிடத்தில் உச்சம், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். 'குளிர்ந்த தண்ணீரில் விறைத்துச் செத்தார்' என்று கேள்விப்படுவதில் பலபேர் விறைக்கிற அளவுக்கு அங்கே இருந்ததே இல்லை. முதல் இரண்டு நிமிடத்தில் மூச்சும் இதயமும் தடுமாறிப் போனவர்கள் அவர்கள்.

குதிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். முகம் குளிர்ந்த நீரில் மூழ்கி மூச்சை அடக்கும்போது நாடி மெதுவாகும். சீல், திமிங்கலம் போன்றவற்றுக்கு ஆழத்தில் உயிரைக் காக்கும் அனிச்சை அது, நமக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆக ஒரே நேரத்தில் தோல் 'ஓடு' என்கிறது, முகம் 'நில்' என்கிறது. இரண்டு கட்டளையும் ஒன்றாகப் போய்ச் சேரும் இடம் இதயம். ஆரோக்கியமான இளைஞர்களுக்கே அப்போது துடிப்பின் தாளம் தப்புவதைப் பதிவு செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பத்து வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும் குடியிருக்கிற, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று யாரும் பார்க்காத இதயத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் படியில் இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. முதல் நிமிடத்தில் முகத்தை நனைக்கவும் கூடாது. நண்பர்கள் சுவரிலிருந்து கூச்சலோடு குதிப்பார்கள், குதிக்கட்டும்.

கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் இதை ஞாபகம் வைக்கச் சுலபமாக 1, 10, 1 என்று சொல்வார். உறைகிற அளவு குளிர்ந்த நீரில் மூச்சை வசப்படுத்த 1 நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடம்பின் உள்வெப்பம் குறைந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அந்த நடு எண்ணை நானே அனுபவித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் கால்க் பே பக்கம், நோயாளிகளுக்குச் சொல்லும் முன் நாமும் பார்ப்போமே என்று இறங்கினேன். நான்கு நிமிடம்தான். மூச்சு சீராகிவிட்டது, மனசு குதூகலமாக இருந்தது, 'இவ்வளவுதானா' என்று பெருமையாகக் கரையேறினேன். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கார்ச் சாவியை விரலால் பிடிக்க முடியவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எழுபது வயதிருக்கும், பேசாமல் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுத் தன் ஃபிளாஸ்கிலிருந்து தேநீரும் ஊற்றிக் கொடுத்தார். விரல் மரத்துப்போன அந்த நிலையில் ஆழமான இடத்தில் நீந்திக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு யோசித்தேன். குளத்தின் ஓரத்தில், கால் எட்டுகிற இடத்தில் மட்டும் நிற்பது என்று அப்போது முடிவு செய்ததுதான்.

இப்போது அந்த நீல உதட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் ஆபத்து முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கரையேறிய பின் அரை மணி நேரம் வரை உடம்பின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கலாம். வெளிச்சதை குளிர்ந்து கிடக்கிறது, உள்ளேயிருந்து வெப்பம் அதை நோக்கிப் பாய்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் தண்ணீரில் சிரித்துப் பேசியவர் பார்க்கிங்கில் வந்து வெடவெடவென்று நடுங்குகிறார். லேசாகப் பத்து நிமிடம் நடுங்கினால் பரவாயில்லை. முக்கால் மணி நேரம், உதடும் நீலம் என்றால், அவர் உடம்பு தாங்கும் அளவைவிட ரொம்ப நேரம் உள்ளே இருந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த நிலையில் வேறு கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்!

மாமியார் சொல்லும் ஜன்னியை வைத்து யாரும் சிரிக்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீரால் காய்ச்சலோ சளியோ நேரடியாக வந்துவிடாது, அவற்றுக்குக் கிருமி வேண்டும். ஆனால் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், நடை தள்ளாடும், கையிலிருப்பது நழுவும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். நம் பாட்டிகள் ஜன்னி என்று சொன்ன குழப்பத்துக்கும் இதற்கும் பார்வைக்கு அதிக வித்தியாசம் இல்லை. அப்படி ஒரு நாள் கண்டால், நடுக்கம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். குழப்பமும் இருந்து நடுக்கமும் நின்றிருந்தால் நிலைமை மோசமாகிறது. படுக்க வைத்து, ஈரத்துணியை நீக்கிப் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸுக்கு, 10177-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொரு கேள்வி. அந்த முக்கால் மணி நேரத்தில் யாராவது அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தீர்களா?

கிளிக்லசைடு சர்க்கரையைத் தேவைக்கு மேலும் இறக்கக்கூடிய மாத்திரை. அவர் சனிக்கிழமை விடிகாலையில் அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீரில் நடுங்கும்போது தசைகள் சர்க்கரையை எரிக்கின்றன. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் அட்டெனோலால் மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் மிஞ்சும் அடையாளம், நனைந்த உடம்பில் அது எப்படித் தெரியும்? போதாததற்கு, சர்க்கரை குறைந்தால் உடம்பால் சரியாக நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் முடியாது. இந்த இரண்டு மாத்திரையும் இந்தத் தண்ணீரும் சேர்வதைத்தான் நான் விரும்பவில்லை. இனிமேல் போவதாக இருந்தால் கிளம்பும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும். இங்கத்து மீட்டரில் 5-க்குக் கீழே (ஊர்க் கணக்கில் 90-க்குக் கீழே) என்றால் ஏதாவது சாப்பிடாமல் இறங்கக் கூடாது. திரும்பி வந்தபின்னும் பார்க்க வேண்டும், ஆனால் விரல் சூடான பிறகு. விறைத்த விரலில் எடுத்த எண்ணை நம்ப முடியாது. அட்டெனோலாலுக்கு இன்னொரு குணம், கை கால் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். அதற்காக அவராகவே நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் இதயம் கோபித்துக்கொள்ளும். வேறு மாத்திரை பொருந்துமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்கலாம். காலில் மதமதப்பு இருந்தால் ரப்பர் செருப்பு இல்லாமல் பாறையில் கால் வைக்கக் கூடாது. மட்டிச் சிப்பியும் கடல் முள்ளெலியும் கிழித்ததுகூடத் தெரியாது.

சர்க்கரை குறையும் என்று அவர் சொல்வது வெறும் கட்டுக்கதை அல்ல, அதுதான் இதில் சுவாரசியம். 2009-இல் பெரியவர்களின் கழுத்திலும் தோள்பட்டைக்கு மேலேயும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒரு வகைத் திசு உயிரோடு வேலை செய்கிறது என்று ஒரே நேரத்தில் மூன்று ஆய்வுகள் காட்டின. அதற்கு முன் அது கைக்குழந்தைகளுக்கு மட்டுமே என்று நானும் படித்திருந்தேன். சாதாரணக் கொழுப்பு சேமித்து வைக்கும், இது எரித்து வெப்பமாக்கும். குளிர்தான் அதற்கு ஸ்விட்ச். பிறகு 2015-இல் ஹாலந்தில் சர்க்கரை நோயாளிகள் 8 பேரை 14, 15 டிகிரி அறையில் தினமும் 6 மணி நேரம் வரை, 10 நாள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். இன்சுலினுக்கு உடம்பு பதில் சொல்லும் திறன் சுமார் 43 சதவீதம் கூடியிருந்தது. இந்த எண் இணையத்தில் நன்றாக ஓடுகிறது. அது தண்ணீர் அல்ல, காற்று என்பதும், மூன்று நிமிடம் அல்ல, மணிக்கணக்கு என்பதும், ஆட்கள் 8 பேர் என்பதும் ஓடுவதில்லை. அந்த மாற்றம் நடந்ததும் முக்கியமாகப் பழுப்புக் கொழுப்பில் இல்லை, தசையில். நடுக்கமே வராதபடி பின்னால் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவும் இல்லை. என் ஊகம், தசை வேலை செய்ததுதான் பாதிக் கதை. தசைக்கு வேலை கொடுக்க சீ பாயின்ட் நடைபாதையில் தினமும் முக்கால் மணி நேரம் நடந்தால் போதும், உதடு நீலமாகாது.

நம்மவர்களுக்கென்று ஒரு செய்தியும் உண்டு. 2014-இல் ஹாலந்தின் லைடன் நகரில் தெற்காசிய வம்சத்து ஆரோக்கியமான இளைஞர்களையும் வெள்ளைக்கார இளைஞர்களையும் குளிரவைத்து ஒப்பிட்டார்கள். நம்மவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு குறைவாக இருந்தது, நடுக்கமும் சுமார் 2 டிகிரி முன்னதாகவே தொடங்கிவிட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பக்கத்தில் நிற்கும் ஆபீஸ் நண்பர் எட்டு நிமிடம் இருக்கிறார் என்பதால் தானும் இருக்க வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைப்பதை நிறுத்த இதைச் சொல்லிப் பாருங்கள். இதில் போட்டி போடுவதுதான் பாதி ஆபத்து. கேப் டவுன்காரர்கள் லூயிஸ் பியூவைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர் 2007-இல் வட துருவத்தில் மைனஸ் 1.7 டிகிரித் தண்ணீரில் 1 கிலோமீட்டரை 18 நிமிடம் 50 விநாடியில் நீந்தினார். அவருக்கே அதன்பின் விரல்களில் உணர்வு திரும்ப மாதக்கணக்கானது. 2009-இல் இதே கேப் டவுனில் ராம் பர்காய் தொடங்கிய பனிநீர் நீச்சல் சங்கம், 5 டிகிரியோ அதற்கும் குறைவோ உள்ள நீரில் 1 மைல் நீந்த வருகிறவரிடம் முதலில் மருத்துவச் சான்றும் இசிஜியும் கேட்கிறது. வீரர்கள் ஒழுங்காகச் சோதித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள், சனிக்கிழமைக்காரர்கள்தான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அழற்சி அடங்குகிறது என்பதற்கு: 2025-இல் 11 ஆய்வுகளை, 3177 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, இறங்கிய உடனும் ஒரு மணி நேரம் கழித்தும் அழற்சியின் அடையாளங்கள் குறையவில்லை, கூடியிருந்தன. மன அழுத்தம் 12 மணி நேரம் கழித்துக் கொஞ்சம் குறைந்திருந்தது. உற்சாகத்தோடு சம்பந்தப்பட்ட டோபமின் என்ற ரசாயனம் 250 சதவீதம் கூடும் என்று அவர் சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்கிறார்கள். அது 2000-இல் வெளிவந்த ஆய்வு, 14 டிகிரித் தண்ணீரில் இளைஞர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம்! ஹாலந்தில் 3018 பேரைத் தினசரிக் குளியலின் கடைசியில் 30, 60, 90 விநாடி என்று பிரித்துப் பச்சைத் தண்ணீரில் நிற்க வைத்த ஆய்வு 2016-இல் வந்தது. அவர்கள் வேலைக்கு லீவு போட்டது 29 சதவீதம் குறைந்தது. உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை. அதாவது நோய் வந்தும் எழுந்து வேலைக்குப் போனார்கள். நான் அதை அலட்சியமாகச் சொல்லவில்லை, அந்தத் தெம்பும் ஒரு பலன்தான். அதில் இன்னொரு விஷயம், 30 விநாடி நின்றவருக்கும் 90 விநாடி நின்றவருக்கும் வித்தியாசமே இல்லை. (அவர் ஜிம்முக்குப் போகிறவராக இருந்தால்: எடை தூக்கிய உடனே குளிர்நீரில் உட்கார்ந்தால் வலி குறையும், ஆனால் தசை வளர்வதும் குறையும்.)

அப்படியானால் எதற்குத்தான் இறங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு தடவை இறங்கினாலே அந்த முதல் நிமிடத்து அதிர்ச்சி பாதியாகக் குறைந்துவிடுகிறது. பல மாதம் கழித்தும் உடம்பு அதை முழுதாக மறப்பதில்லை. உயிரே போகிற மாதிரி மூச்சு முட்டும்போது, 'முட்டட்டும், மெதுவாக விடு' என்று நம்மை நாமே அமர்த்திக்கொள்கிற பயிற்சி அது. அப்புறம் விடிகாலை, 'பன்னிரு அப்போஸ்தலர்' என்று பெயர் பெற்ற மலைச்சிகரங்களின் மேல் ஏறும் வெயில், நண்பர்கள், ஃபிளாஸ்க் தேநீர், வெளியே வந்தபின் தோல் முழுக்கக் குறுகுறுவென்று ஓடும் ஒரு சந்தோஷம். இதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து அளக்க முடியாது, ஆனால் 54 வயதில் ஒரு மனிதர் சனிக்கிழமை விடியலுக்காகக் காத்திருக்கிறார் என்றால் அதை நான் ஏன் பிடுங்க வேண்டும்? மாத்திரையை விடுவதற்காக என்று மட்டும் சொல்லாமல் இருக்கட்டும்.

ஆகவே அவருக்கு: இந்தச் சனிக்கிழமையும் அடுத்ததும் கரையில் நின்று தேநீர் கொடுக்கட்டும். அதற்குள் பிரஷர், மூன்று மாதச் சர்க்கரை, இசிஜி. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்திருப்பதால் டிரெட்மில் சோதனை தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், முன்பு மயக்கம், துடிப்பு தாளம் தப்புவது, குளிரில் விரல் வெள்ளையாவது, தோலில் தடிப்பு எழுவது, இதில் ஒன்று இருந்தாலும் கடல் வேண்டாம். எல்லாம் சரி என்றால் முதலில் வீட்டு ஷவர். வழக்கமான வெந்நீர்க் குளியலின் முடிவில் கீசர்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, பாதம், கால், கை, கடைசியில் முதுகு என்று 15 விநாடி. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நிமிடம். மூச்சை இழுப்பதில் கவனம் வேண்டாம், நீளமாக விடுவதில் இருக்கட்டும். கரண்ட் இல்லாத நாட்களில் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பழகிய நாடுதானே இது, பெரிய வித்தை இல்லை. பிறகு கடலில் இரண்டு நிமிடம். 10 டிகிரிக்குக் கீழே தேடிப் போவதில் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கும் பயிற்சி எதுவும் தண்ணீருக்குள்ளோ பக்கத்திலோ செய்யக் கூடாது. மூச்சு முட்டுகிற எச்சரிக்கையே வராமல் நினைவு தப்பிவிடும், தண்ணீருக்குள் அப்படித் தப்பினால் அவ்வளவுதான். முதல் நாள் இரவு குடித்திருந்தால் போகக் கூடாது. வெளியே வந்ததும் ஈரத்தை மாற்றி, மேலுடம்புக்கு முதலில் உடுத்தி, தொப்பி, சூடாக ஏதாவது குடித்து உட்கார வேண்டும். உடனே கொதிக்கிற ஷவரில் நிற்காதீர்கள், சுருங்கிய குழாய்கள் ஒன்றாக விரிந்து தலை சுற்றிக் கீழே தள்ளும். நடுக்கம் முழுசாக நின்ற பிறகுதான் காரை எடுக்க வேண்டும், அதுவரை சாவி உங்களிடம்.

இனி உங்கள் ஆசை. குற்றாலத்தில் நின்றவர்களுக்கு இந்த ஆசை வருவது இயற்கைதான். ஆனால் ஐந்தருவிச் சில்லிப்பை வைத்து அட்லாண்டிக்கை எடை போடாதீர்கள், அது வேறு சாதி.

இங்கிலாந்தில் 2024-இல் குளிர்நீரில் நீந்தும் 1114 பெண்களிடம் கேட்டு ஒரு கணக்கெடுப்பு வெளியானது. மாதவிலக்கு நிற்கும் கட்டத்தில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். உடம்பு கொதிப்பு குறைந்ததாகச் சொன்னவர்கள் பத்தில் மூன்று பேர். ஏற்கெனவே விரும்பி நீந்துகிறவர்களிடம் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கொதிப்பு தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு இருந்தால் அதற்கு நிச்சயமான மருந்துகள் உள்ளன, வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் ஆசைக்காக இறங்குவதற்கு ஆய்வு எதற்கு? நோயும் மாத்திரையும் எதையும் நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் பிரஷரும் இசிஜியும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கேம்ப்ஸ் பேயில் தொடங்க வேண்டாம். மலையைத் தாண்டி செயின்ட் ஜேம்ஸ் டைடல் பூலுக்குப் போங்கள். கோடையில் அங்கே தண்ணீர் உங்களை மிரட்டாது, ஆழம் குறைவு, சுற்றிலும் குழந்தைகளும் பாட்டிகளும் இருப்பார்கள். புடவை வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். நீச்சல் உடை கூச்சமாக இருந்தால் உடம்போடு ஒட்டிய முழுக்கை டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் போதும். முதல் நாள் இடுப்பு வரை, ஒரு நிமிடம். தலை முழுகுவது நாலாவது ஐந்தாவது தடவை.

அப்புறம், இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதில் யாரும் தனியாக இறங்கக் கூடாது, கரையில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். அவருக்கு எப்படியும் இரண்டு சனிக்கிழமை வேலையில்லை. துண்டையும் ஃபிளாஸ்கையும் அவர் கையில் கொடுத்து நிற்கச் சொல்லுங்கள்.